பெருங்குடலுக்கு எது போய்ச் சேருகிறது?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் குடல்நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் ‘குடலில் நல்ல பாக்டீரியாவை மீட்பது எப்படி’ என்று போட்டிருக்கிறார்கள். எந்த மாத்திரை, எந்தக் கம்பெனி என்று எழுதிக்கொள்ளப் பேனாவோடு வந்திருப்பவர்களைக் கொஞ்சம் ஏமாற்றத்தான் போகிறேன். மாத்திரைக்கு வருவேன். அதற்கு முன்னால் வேலூருக்குப் போய்விட்டு வரவேண்டியிருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் காலரா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியானது. காலராவில் என்ன நடக்கும் என்று பழைய தலைமுறைக்குத் தெரியும். கழுநீர் மாதிரி பேதி, நிற்காமல். உடம்பிலிருக்கிற தண்ணீரும் உப்பும் போய் ஆள் சுருண்டுவிடுவார். உப்பும் சர்க்கரையும் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்தால் உயிர் தப்பும். ஆனால் அந்தக் கரைசல் இழந்ததை ஈடுகட்டுமே தவிர, பேதியைச் சீக்கிரம் நிறுத்தாது. பக்கத்தில் இருக்கிற உறவுக்காரர்கள், ‘இவ்வளவு குடித்தும் இன்னும் போகிறதே’ என்று கலங்குவார்கள்.

வேலூர்க் குழு 48 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல். இரண்டாவது பிரிவுக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு. மூன்றாவது பிரிவுக்கு, அதே 50 கிராம், ஆனால் சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. அரிசிமாவுக்காரர்களுக்கு 71 மணி. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி.

செரிக்காத ஒன்றைக் கொடுத்தால் பேதி சீக்கிரம் நிற்கிறது. நம் வீட்டு வைத்தியத்துக்கே நேர்மாறாக இல்லையா? வயிறு சரியில்லை என்றால் ‘சீக்கிரம் செரிக்கிறதாகக் கொடு’ என்றுதானே பாட்டி முதல் டாக்டர் வரை சொல்கிறோம்.

காரணம் இதுதான். காலராக் கிருமி தொல்லை கொடுப்பது சிறுகுடலில். பெருங்குடல் அநேகமாக நன்றாகவே இருக்கிறது. அதற்குத் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும் திறமை நிறைய உண்டு. சிறுகுடலில் செரிக்காத மாவு அப்படியே இறங்கிப் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று நாங்கள் சொல்கிற சில பொருள்களை உண்டாக்குகின்றன. அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். பெருங்குடல் இவற்றை உறிஞ்சும்போது சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. சோடியம் போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். பேதி குறைகிறது. அந்த நோயாளிகளுக்கு வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாகூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்தவற்றுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கிறோம், நாக்குக்கு என்ன பிடிக்கிறது என்று பார்க்கிறோம், சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்றும் இப்போது பார்க்கக் கற்றுக்கொண்டோம். பெருங்குடலுக்கு எது போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த பியூட்டிரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கிற செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான். உடம்பின் வேறு பல செல்கள் ரத்தத்தில் வருகிற குளுக்கோஸை நம்பி இருக்கும்போது, இவை பாக்டீரியா தயாரித்துத் தருவதைத் தின்று வாழ்கின்றன. சுவர் உறுதியாக இருக்க அது வேண்டும். நார்ச்சத்து வரவே வராவிட்டால் சில பாக்டீரியாக்கள் சுவரின் மேல் பூசியிருக்கிற சளிப் படலத்தையே அரித்துத் தின்ன ஆரம்பிக்கும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்கள் எத்தனை? நம் உடம்பின் செல்களைப்போல் பத்து மடங்கு, இரண்டு கிலோ எடை என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்துக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. மொத்த எடை கால் கிலோகூட வராது. பெரும்பகுதி பெருங்குடலில்தான்.

இவற்றுக்கு முதல் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்றால், தாய்தான். தாய்ப்பாலில் லாக்டோஸ் சர்க்கரையும் கொழுப்பும் போக, அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை. குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது. பிறகு எதற்கு அதை உடம்பு மெனக்கெட்டுத் தயாரிக்கிறது? குழந்தையின் குடலில் இருக்கிற பிஃபிடோ பாக்டீரியாவுக்காக. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸியே என்பவர் 1899இல் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளின் மலத்தில் இந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்.

அதே பாஸ்டர் நிறுவனத்தில்தான் மெச்னிகோஃப் இருந்தார். 1908இல் நோபல் பரிசு வாங்கியவர். பல்கேரிய விவசாயிகள் புளித்த பால் சாப்பிட்டு நெடுநாள் வாழ்கிறார்கள், அந்தப் பாலில் இருக்கிற பாக்டீரியாதான் காரணம் என்று எழுதினார். தானும் தினசரி குடித்தார். இன்று புரோபயாட்டிக் என்ற பெயரில் விற்கிற அத்தனை பாக்டீரியாப் புட்டிகளுக்கும் அவர்தான் பாட்டனார். ஒரு வேடிக்கை என்னவென்றால், பெருங்குடலை அவர் அழுகல் குழியாக நினைத்தார். மனிதனுக்கு அது தேவையே இல்லை என்ற கட்சி அவர். அங்கே நல்ல வேலை நடக்கிறது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வரவில்லை. அவர் சொன்ன பல்கேரிய பாக்டீரியாவும் மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பின்னால் தெரிந்தது.

தங்காமல் போவதுதான் பெரும்பாலான புரோபயாட்டிக்குகளின் கதை. பேருந்து நிலையத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ் ஏறிப் போகிறவரைப்போல. போகிற வழியில் நல்லது எதுவும் செய்ய மாட்டார் என்று நான் சொல்லவில்லை. செய்த சான்றுகள் இருக்கின்றன. ஆனால் ஊரில் வீடு கட்டிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது.

செய்த நல்லதை முதலில் சொல்கிறேன். நம் நாட்டிலேயே, ஒடிசாவின் கிராமங்களில், 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 2017இல் வெளியானது. பிறந்த சில நாட்களில் தொடங்கி ஒரு வாரம் மட்டும், ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் பாக்டீரியாவையும், அது தின்பதற்கான சர்க்கரையையும் சேர்த்து ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கண்காணித்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுகிற நோயோ மரணமோ, மருந்து பெறாத பிரிவில் 100க்கு 9 பேருக்கு. பெற்ற பிரிவில் 5.4 பேருக்கு. இது சாதாரண விஷயமில்லை. பாக்டீரியாவோடு அதற்கான தீனியையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள்.

இனி மறுபக்கம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வந்தவர்களுக்கு, கிருமித்தொற்று வராமல் தடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் பல பாக்டீரியாக் கலவையைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். ‘நல்ல’ பாக்டீரியா எல்லா உடம்பிலும் நல்லதாக இருந்துவிடாது. ஐ.சி.யூ.வில் இருப்பவர், கீமோ எடுப்பவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர், ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர், குறைமாதக் குழந்தை – இவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் ஒரு பாக்கெட்டுகூடப் பிரிக்காதீர்கள்.

குழந்தைக்குப் பேதியானால் மருந்துக் கடையிலேயே ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 900க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். மிகப் பிரபலமான ஒரு லாக்டோபேசில்லஸ். கொடுத்த குழந்தைக்கும் கொடுக்காத குழந்தைக்கும் வித்தியாசமே இல்லை. குழந்தைப் பேதிக்கு இன்றைக்கும் ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மருந்து, நிறுத்தாமல் தாய்ப்பால், வழக்கமான சாப்பாடு. இவை முறையாக நடக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

‘டாக்டர், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதால்தான் வயிறு கெட்டுவிட்டது, அதற்கு என்ன’ என்பதுதான் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. டென்மார்க்கில் 12 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, நாலே நாட்கள், மூன்று வலுவான ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் பாக்டீரியாக் கூட்டம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. யாரும் எதையும் கொண்டுவந்து நட்டு வைக்கவில்லை, தானாக. ஆனால் முன்பு எல்லாரிடமும் இருந்த ஒன்பது இனங்கள் ஆறு மாதம் ஆகியும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. ஆறுதலும் எச்சரிக்கையும் ஒரே ஆய்வில்.

சரி, அந்த ஒன்றரை மாதத்தைப் புரோபயாட்டிக்கால் குறைக்கலாமா? முன்னால் சொன்ன அதே வைஸ்மான் நிறுவனத்தில் 2018இல் சின்ன அளவில் சோதித்தார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தபின், ஒரு பிரிவை அப்படியே விட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு 11 வகை பாக்டீரியா கலந்த மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு, ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் எடுத்து வைத்த அவரவர் மலத்தையே திரும்பக் குடலுக்குள் செலுத்தினார்கள். முகம் சுளிக்க வேண்டாம், மருத்துவம்தான். சொந்தச் சரக்கு திரும்பக் கிடைத்தவர்கள் சில நாட்களிலேயே தேறினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான், சும்மா விட்டவர்களைவிட, பழைய நிலை திரும்பத் தாமதமானது. வந்த புதியவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களை உள்ளே விடவில்லை என்று தோன்றுகிறது. ஒரு சிறிய ஆய்வை வைத்துச் சட்டம் போட மாட்டேன். சில மாத்திரைகள் ஆன்டிபயாட்டிக் பேதியைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்றும் உண்டு. பேதியைக் குறைப்பது வேறு, பழைய கூட்டத்தை மீட்பது வேறு. விளம்பரம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மலத்தைச் செலுத்துவது பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிற கடுமையான பேதி ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில், ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலை இப்படிப்பட்ட 16 பேருக்குச் செலுத்தியதில், ஒரே தடவையில் 13 பேர் குணமானார்கள். மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர். அந்த 2013ஆம் ஆண்டு ஆய்வுதான், கூட்டம் முழுவதையும் மாற்றினால் நோய் குணமாகும் என்று உறுதியாகக் காட்டியது. ஒன்றிரண்டு இனங்களை மாத்திரையில் அடைத்துக் கொடுப்பதோடு இதைச் சேர்த்துப் பேச முடியாது.

இனி அடுப்படிக்கு வருகிறேன். பின்வரிசையில்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இட்லி மாவு புளிப்பதற்கு லூக்கனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் காரணம். விரல் வைத்தால் மாவு புஸ்ஸென்று அமுங்குகிறதே, அந்தக் காற்றெல்லாம் அவை விட்டது. ஆனால் இட்லிப் பானையில் ஆவி கட்டியதும் அவை செத்துப்போகும். ஆகவே இட்லி புரோபயாட்டிக் இல்லை. அதனால் மதிப்பு குறைந்துவிடாது. சாவதற்கு முன்பே அவை மாவைப் பக்குவப்படுத்தி, இரும்புச்சத்தை உறிஞ்ச விடாமல் தடுக்கிற பைட்டிக் அமிலத்தைக் குறைத்துவிடுகின்றன. மோர்க்குழம்பிலும் இதே கதி. ஊறுகாய் நம்மூரில் எண்ணெயும் உப்பும் காரமும்தான். தாளித்துக் கிளறியதில் உயிருள்ள பாக்டீரியாவைத் தேடாதீர்கள். ரத்த அழுத்தக்காரர்கள் குடல் ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லி மாவடு ஜாடியைத் திறக்க நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

தயிரும் மோரும் உயிரோடு வயிற்றுக்குப் போகின்றன. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி வைக்கிறோம். எந்த இனம், எத்தனை கோடி என்று வீட்டுத் தயிரில் சொல்ல முடியாது; வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் வகுத்த இலக்கணப்படி, போதுமான அளவு உயிரோடு இருந்து நன்மை செய்வதாக நிரூபிக்கப்பட்டதுதான் புரோபயாட்டிக். அந்தக் கண்டிப்புக்கு வீட்டுத் தயிர் உட்படாது. சாப்பிடுவதற்கு அது ஒரு தடையா என்ன? பாக்கெட் தயிரில் பாக்டீரியா கிடையாது என்று சிலர் சொல்வது சரியில்லை. அதில் ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான பாலில் விட்டுப் பாருங்கள், உறைந்தால் உயிர் இருக்கிறது.

2021இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு பிரிவுக்கு நார்ச்சத்து நிறையவும், மற்றப் பிரிவுக்குத் தயிர் மாதிரிப் புளித்த உணவுகள் நிறையவும் கொடுத்தார்கள். பாக்டீரியா வகைகள் கூடியது புளித்த உணவுக்காரர்களிடம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற 19 புரதங்களும் அவர்களிடம் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் வகைகள் கூடவில்லை. நான் இவ்வளவு நேரம் பேசியதற்கு இது இடைஞ்சல்தான், மறைக்க விரும்பவில்லை. நெடுங்காலம் நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்டவர்களின் குடலில் அதை உடைக்கத் தெரிந்த இனங்களே குறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். மோரும் வேண்டும், அவரைக்காயும் வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய சோற்றைத் தொடாமல் போனால் விடமாட்டீர்கள். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிக்காத வகையாக மாறுகிறது. வேலூரில் கொடுத்தார்களே, அதுபோலச் செரிக்காத மாவுதான், அளவு குறைவு. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிக்கிறது. சமைக்காமல் சாப்பிடுவதால் அவை உயிரோடு போகும். அதோடு சின்ன வெங்காயம். வெங்காயத்திலும் பூண்டிலும் சிறுகுடல் தொடமுடியாத, பாக்டீரியா விரும்பித் தின்கிற சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. நல்ல கூட்டணி. ஆனால் புற்றுநோய் போகும், சர்க்கரை போகும் என்று யூடியூபில் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. சோறு சோறுதான், சர்க்கரைக்காரர்கள் சட்டியோடு குடிக்க முடியாது. ஊற்றுகிற தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். சோற்றை வெறுமனே சமையல் மேடையில் வெப்பத்தில் விட்டால் வேறு கிருமிகள் வளரும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

நம் மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு மூன்று தடவை; சாம்பாருக்கு, ரசத்துக்கு, தயிருக்கு. பொரியல் ஒரு கரண்டி. கறிவேப்பிலை தட்டோரம். சூடான சோற்றில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாகி ரத்தத்துக்குப் போய்விடும். பெருங்குடலில் இருக்கிறவற்றுக்கு அந்த ஒரு கரண்டிப் பொரியல்தான். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 12 கிராம் வரை கிடைத்துவிடும். கோயிலில் தொன்னையில் கொடுக்கிற சுண்டலை வீட்டிலும் வாரத்துக்கு நாலு நாள் செய்யுங்கள்: கடலை, மொச்சை, காராமணி, பச்சைப்பயறு, கொள்ளு. வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, விதையோடு கொய்யா. ஒன்றையே தினமும் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். வெவ்வேறு இனங்களுக்கு வெவ்வேறு தீனி. சாப்பாட்டை மாற்றினால் குடல் பாக்டீரியா ஓரிரு நாளிலேயே மாறத் தொடங்கும் என்று 2014இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. விட்டால் அதே வேகத்தில் பழையபடி ஆகும். ஒரு மண்டலம் சாப்பிட்டு நிறுத்துகிற லேகியக் கணக்கு இங்கே செல்லாது.

‘மொச்சை வாயுவாச்சே’ என்பீர்கள். வாயுதான். பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஒரேயடியாக ஒரு கிண்ணம் ஆரம்பிக்காமல், இரண்டு ஸ்பூனில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள். ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் வெங்காயம், பூண்டு, பயறு எல்லாமே உப்புசத்தையும் வலியையும் கூட்டலாம். அவர்கள் உணவு ஆலோசகரிடம் கேட்டுச் செய்யட்டும்.

மாத்திரைக்கு வருவேன் என்று சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால், எதற்காக, எத்தனை நாள் என்று கேளுங்கள். பெட்டியில் பாக்டீரியாவின் முழுப்பெயரும், அதற்குப் பின்னால் எண்ணோ எழுத்தோ போட்ட வகையும், காலாவதியாகும் நாள் வரை எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘லாக்டோபேசில்லஸ்’ என்று போட்டிருந்தால், எந்த ஆய்வு எதற்குப் பொருந்தும் என்று எனக்கே சொல்ல முடியாது. மலத்தை அனுப்பினால் உங்கள் பாக்டீரியாக் கணக்கைக் கலர்ப் படம் போட்டு அனுப்புகிற கம்பெனிகளும் வந்துவிட்டன. எது சரியான கணக்கு என்று அளவுகோலே இன்னும் இல்லாதபோது, அந்தப் பணத்துக்குக் கீரை வாங்கலாம். சளிக் காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் மூன்று நாள் ‘செட்’ வாங்குகிற பழக்கத்தை நிறுத்தினால், மீட்க வேண்டிய அவசியமே பாதிக் குறையும். டாக்டர் தேவை என்று எழுதிய ஆன்டிபயாட்டிக்கை மட்டும் பாக்டீரியாவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, ரத்தசோகை, 50 வயதுக்குமேல் மலம் கழிக்கிற பழக்கம் திடீரென்று மாறுவது – இவற்றில் எது இருந்தாலும் மோரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், முதலில் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். ஆறு மாதம் தயிர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த ஆறு மாதத்தை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடிவதில்லை.

இனி நீங்கள் கேளுங்கள். முன்வரிசையில் அம்மா ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார்.